தோளில் வைத்துப் பார்த்து வாங்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி ஆறிப்போகும் முன் குடித்துவிட்டு வாசியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். 1990-களில் எங்கள் பள்ளியில் படித்தவர். இப்போது துறைமுகத்தில் வேலை. கூடவே 22 வயது மகள். கல்லூரியில் ஏர் ரைபிள் சுட்டுப் பழகிய பிள்ளை. சில மாதங்களாக ஒரு சங்கத்தில் சேர்ந்து, பறக்கும் தட்டைச் சுடும் 'டிராப்' போட்டிக்கு மாறியிருக்கிறாள்.

"லைசென்ஸ் வந்துட்டு சார். குறிச்ச காலத்துக்குள்ள துப்பாக்கி வாங்கணும். நீங்க பாத்து ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று செல்போனை நீட்டினார். பள்ளியில் என்.சி.சி. ஆசிரியருக்குத் துணையாகப் பல வருடம் ஓடியாடியவன் என்பதைத் தவிர எனக்கும் துப்பாக்கிக்கும் வேறு உறவு கிடையாது. ஆனாலும் வாத்தியாரிடம் கேட்டால் எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

படத்தில் இருந்தது இத்தாலித் துப்பாக்கி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல். தேக்குபோல் மினுங்கும் மரக்கட்டை. ஒருவர் வைத்திருந்து விற்பது. விலை சில லட்சம். வல்லத்தில் இருந்த பங்கை விற்று வைத்த பணம் என்றார். முன்பணம் அன்றைக்கே அனுப்ப வேண்டுமாம்.

"பிள்ளை தோளில வச்சுப் பாத்தாளா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். பெரிய கம்பெனி. மோசமாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏலே, மாதிரி பாக்காம சிப்பி குளிச்ச ஊராலே நம்ம ஊரு?" என்றேன்.

இளைய தலைமுறைக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன். நம் கடலில் முத்துக்குளிப்பு நினைத்த நேரத்தில் நடந்ததில்லை. கடலுக்கு அடியில் உள்ள பார்களை முதலில் ஆய்வு செய்வார்கள். சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மாதிரிக்காகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை விவரம் தெரிந்த வியாபாரிகளை வைத்து மதிப்புப் போடுவார்கள். அந்தக் கணக்கு தேறினால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். அதற்குப் பிறகுதான் படகுகள் இறங்கும், ஆயிரம் ஆயிரமாகச் சிப்பி ஏலம் போகும். வாய் திறக்காத சிப்பியை ஏலம் எடுப்பது சூதாட்டம்தான். ஆனால் அந்தச் சூதாட்டத்துக்கும் ஒரு மாதிரி உண்டு. 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இந்த மாணவரின் அப்பா இளவட்டமாகக் கடலில் இறங்கியவர். பெரியவர் இன்றும் இருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, படத்தைப் பார்த்துத் துப்பாக்கி வாங்கலாமா?

முன்பணத்தை நிறுத்தச் சொன்னேன். விற்பவரும் நல்ல மனிதர்தான். பிள்ளை பழகும் தளத்துக்கே ஒரு நாள் எடுத்து வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போவதற்கு முன் இரண்டு வாரம் உட்கார்ந்து இந்த விளையாட்டின் கதையைப் படித்தேன். படித்ததையும், அங்கே பார்த்ததையும், பார்த்த பின் என் மனதை அறுத்த ஒரு விஷயத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டு. 18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உயிருள்ள புறாக்களைப் பெட்டியில் அடைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டு, பறக்கும்போது சுடுவார்கள். 'டிராப்' என்றால் அந்தப் பொறிப்பெட்டிதான். 1900-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில்கூட உயிர்ப் புறாவைச் சுடும் போட்டி நடந்தது. புறாவுக்குப் பதிலாக இடையில் கண்ணாடி உருண்டைகளை எறிந்து பார்த்தார்கள். அது பறவைபோலப் பறக்கவில்லை. 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக்காரர் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி, மண்ணால் செய்த தட்டை உருவாக்கினார். தண்ணீரின் மேல் சிப்பி ஓட்டை வீசித் தத்தவிட்டுப் பையன்கள் விளையாடியதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் கடற்கரையில் சின்ன வயதில் இந்த விளையாட்டை ஆடாதவர் யார்? அலை அடங்கிய மாலையில் சிப்பி ஓட்டைத் தட்டையாகப் பிடித்து வீசினால் நாலு தத்து, அஞ்சு தத்து என்று எண்ணுவோம். அதே ஓடு அங்கே ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது.

இன்று அது மண்தட்டு இல்லை. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து வார்த்தது. குறுக்களவு 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம் அளவு. டிராப் போட்டியில் சுடுபவருக்கு முன்னால் 15 மீட்டர் தள்ளி ஒரு பள்ளம். அதற்குள் 15 எறியும் இயந்திரங்கள். சுடுபவர் குரல் கொடுத்ததும் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு சீறிக்கொண்டு வெளியே வரும். எதிலிருந்து, எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாத வேகம். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவையின் எடை 24 கிராமுக்கு மேல் போகக் கூடாது. துப்பாக்கி 12 போர். 12 என்பது என்ன கணக்கு என்று வகுப்பில் ஒரு பையன் முன்பு கேட்டான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் போகுமோ அது 12 போர். 20 உருண்டையாக்கினால் 20 போர். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரைபிளில் குறி பார்க்க முன்னும் பின்னும் இரண்டு அமைப்பு உண்டு. இந்தத் துப்பாக்கியில் முன்னால் ஒரு சின்ன மணி மட்டும்தான். பின்பக்கக் குறி எது? சுடுபவரின் கண்தான். கன்னத்தைக் கட்டையில் பதித்ததும் கண் குழலுக்கு நேர் மேலே, கொஞ்சம் உயரத்தில் நிற்க வேண்டும். கட்டை நீளமாக இருந்தால் தோளில் தட்டும். குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். கன்னம் பதியும் இடம் தாழ்ந்திருந்தால் ரவை கீழே போகும், உயர்ந்திருந்தால் மேலே போகும். கட்டையே பக்கவாட்டில் லேசாக வளைந்திருக்கும். வலது தோள்காரருக்கு வலப்பக்கம், இடது தோள்காரருக்கு இடப்பக்கம். ஒரு விரல் அகலத்திலும் குறைந்த வேறுபாடுகள்தான் இவை. ஆனால் அங்கே ஒரு நூல் தப்பினால் முப்பது மீட்டரில் அரைச் சாண் தப்பும்.

இதற்காகவே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்மியர்கள் ஒரு அளவுத் துப்பாக்கி செய்தார்கள். கட்டையில் கீல்களும் திருகுகளும் இருக்கும். வாங்க வருபவர் தோளில் வைப்பார். கம்மியர் எதிரே நின்று அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நீட்டுவார், குறைப்பார், வளைப்பார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி. பிறகு அந்த அளவில் கட்டையைச் செதுக்குவார்கள். பிரபுக்களுக்கும் மகாராஜாக்களுக்கும் இப்படித்தான் துப்பாக்கி வந்தது.

மற்றவர்களுக்கு? கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நம் மண்ணில் அதற்கும் வழியில்லாமல் போன கதை உண்டு.

நம் கரைக்குத் துப்பாக்கி போர்த்துகீசியரோடு வந்து பழகியது. இத்தாலியில் பெரெட்டா குடும்பத்தார் வெனிஸ் அரசுக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்றதற்கு 1526-ஆம் ஆண்டுக் கணக்குச் சீட்டு இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் போர்த்துகீசியர் இந்த முத்துக்கரையில் காலூன்றிக்கொண்டிருந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இதற்கிடையில் நம் கொல்லர்களும் திரி வைத்துச் சுடும் துப்பாக்கி செய்யக் கற்றுக்கொண்டார்கள். பாளையக்காரர் படையில் வேலும் வாளும் வளரியும் துப்பாக்கியும் ஒன்றாக இருந்தன.

வளரி என்றதும் ஒரு நிகழ்ச்சி. 1795 வாக்கில் கம்பெனிப் படையின் இளம் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் சிவகங்கைப் பக்கம் வந்தார். சின்ன மருது அவரோடு நட்பாகப் பழகி, வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார். இதைப் பிற்காலத்தில் வெல்ஷே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். நூறு கெஜத்துக்குள் எந்தத் தூரத்துக்கும் வளரியை வீச முடியும் என்றும் வியந்திருக்கிறார். அன்னியன் ஒருவன் நம் ஆயுதத்தைக் கையில் வாங்கிப் பழக, நம்மவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த காலம் அது. ஆறே ஆண்டில் எல்லாம் மாறியது. 1801 போரில் வெல்ஷ் எதிர்ப்படையில் இருந்தார். தொடை முறிந்து சிறைப்பட்டுக் கிடந்த சின்ன மருதுவை அவர் பார்த்தார். அதே அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

நம் பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளில் மீண்டும் எழுப்பினார். தூத்துக்குடிக் கோட்டையும் அவர் ஆட்கள் கைக்கு வந்தது. மார்ச் 31-ல் தாக்கிய கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே மாதம்தான் கோட்டை விழுந்தது.

பாடப் புத்தகம் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். நானும் முப்பது வருடம் இங்கேயே நிறுத்தினேன். இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவுக்குத் தேவை. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்சீமை மக்கள் துப்பாக்கி, ஈட்டி முதலான ஆயுதங்கள் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. துப்பாக்கி செய்யத் தெரிந்த கொல்லர் பிறகு என்ன செய்திருப்பார்? அரிவாளும் கலப்பைக் கொழுவும்தான்.

1857 கலகத்துக்குப் பிறகு இது நாடு முழுவதற்கும் வந்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு. 1887-ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கேட்டுத் தீர்மானம் போட்டது. பலன் இல்லை. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன், துப்பாக்கி பழகப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பயிற்சிக்கு வழிகாட்டியவர் வ.வே.சு. ஐயர். கொலையைப் போற்றி இதைச் சொல்லவில்லை. இங்கே ஒரு துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கவும் எல்லை தாண்ட வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

சுதந்திர இந்தியா 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. நிற வேறுபாடு போனது. உரிமக் கட்டுப்பாடு நின்றது. நிற்க வேண்டியதுதான். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் நாடுகளின் செய்தியைத் தினமும் பார்க்கிறோம். அந்தத் தொல்லை நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு விளைவு உண்டு. 1980-களிலிருந்து பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய முடியாது. பெயர் பெற்ற வீரர்களுக்கும் சங்கங்களுக்கும்தான் வழி உண்டு. ஆகவே புதிதாக வரும் பிள்ளைக்குப் பத்துத் துப்பாக்கியை அடுக்கி வைத்து, எடுத்துப் பார் என்று சொல்லும் கடை கிடையாது. ஒருவர் விற்க வந்தால் அதுதான் கடை.

இந்தியாவின் தட்டுச் சுடும் வரலாற்றைப் பார்த்தால் இதன் தடம் தெரியும். முதல் பெரிய பெயர் பிகானேர் மகாராஜா கர்ணி சிங். ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். நம் தமிழ்நாட்டிலிருந்து 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் இறங்கிய பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்து வாரிசு. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் அணிக்குக் கிடைத்த தங்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். பாஞ்சாலங்குறிச்சி உழவு நிலமானது. புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானமாக நின்றது.

உடனே பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள். இருநூறு வருடத்துக்கு முந்திய கணக்கை இன்றைய வீரரிடம் கேட்பது நியாயமில்லை. உழைப்பில்லாமல் யாரும் ஒலிம்பிக் போக முடியாது. நான் சொல்வது வேறு. துப்பாக்கி வீட்டிலேயே இருந்த குடும்பத்துப் பிள்ளை, ஐந்தைத் தோளில் வைத்துப் பார்த்து ஆறாவதைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆயுதம் பறிக்கப்பட்ட ஊர்ப் பிள்ளைக்கு முதல் துப்பாக்கியே கடைசித் துப்பாக்கி. அது பொருந்தாவிட்டால் பிள்ளை தனக்குத்தான் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

சரி, தளத்துக்குப் போவோம். காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. விற்பவர் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து, நடுவில் மடித்து, குழல் காலியாக இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். அந்த ஒழுக்கம் எனக்குப் பிடித்தது. சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைக்கு உதவ முன்வந்தார்.

முதலில் தட்டைச் சுடவிடவில்லை. பெரிய வெள்ளைத் தாளை நிறுத்தி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, நின்று நிதானமாகச் சுடச் சொன்னார். ரவை எங்கே கூடுகிறது என்று தாள் சொல்லிவிடும். நாலு தாளிலும் ரவைக் கூட்டம் புள்ளிக்கு மேலே, இடப்பக்கம் விலகி விழுந்தது. கட்டை ஓர் உயரமான ஆணுக்காகச் செய்தது. பிள்ளை கழுத்தை நீட்டி நீட்டிக் கன்னம் வைத்தாள். மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் அகலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கையே போகும். பிறகு ஒரு சுற்று தட்டு. "புல்" என்று அவள் குரல் கொடுக்க, எனக்கு நம்மூர்ப் புல்தான் நினைவுக்கு வந்தது. 25-க்கு 9. சட்டையை விலக்கித் தோளைப் பார்த்த அவள் அம்மா ஒன்றும் பேசவில்லை. கன்றிப் போயிருந்தது.

அடுத்து சங்கத்துத் துப்பாக்கி. கட்டை குட்டை. தோள் வலி குறைந்தது. ஆனாலும் தாளில் ரவை இடப்பக்கமே போனது.

அப்போதுதான் அந்த ராணுவக்காரர் அவளிடம், "கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர். கையை நீட்டு. இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். அந்த வளையத்துக்குள் என் மூக்கைப் பார்" என்றார். பார்த்தாள். அவருக்கு எதிரே வளையத்துக்குள் தெரிந்தது அவளுடைய இடது கண்.

ஒவ்வொருவருக்கும் எழுதும் கை என்று ஒன்று இருப்பதுபோல் முந்தும் கண் என்று ஒன்று உண்டு. இவள் எழுதுவது வலக் கை, முந்துவது இடக் கண். இரண்டு கண்ணும் திறந்து வலது தோளில் வைத்துச் சுட்டால், இடக் கண் முன்மணியைத் தன் பக்கமிருந்து பார்த்து நேராக்கிக்கொள்ளும். குழல் இடப்பக்கம் திரும்பிவிடும். ஏர் ரைபிளில் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு சுட்டதால் இத்தனை நாள் இது தெரியவில்லை.

"இடது தோளுக்கு மாத்திப் பாரும்மா" என்றார். இன்னொரு உறுப்பினரின் துப்பாக்கி, கட்டையில் கன்னம் பதியும் பகுதியைத் திருகி ஏற்றி இறக்கலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம். உரிமையாளர் பக்கத்திலேயே நிற்க, அவளுக்கேற்ப மாற்றிக் கொடுத்தார்கள். முதல் ஆறு தட்டும் தப்பியது. இடக் கையால் சோறு உண்பதுபோல் தடுமாறினாள். ஏழாவது தட்டு நடு ஆகாயத்தில் கரும்பொடியாய்ச் சிதறியது. சுற்று முடிந்தபோது 25-க்கு 14.

அவள் அப்பா விளையாட்டாகத் தானும் விரலை வளைத்து என்னைப் பார்த்தார். எனக்கு எதிரே தெரிந்தது இடது கண்.

என் நெஞ்சில் ஏதோ விழுந்தது. 1994. அவன் ஒன்பதாம் வகுப்பு. என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் பயிற்சி, 25 கெஜம். பையன்களை வரிசையாகக் குப்புறப் படுக்க வைத்திருந்தோம். இவனுக்கு இடக் கண்ணை மட்டும் மூட வரவில்லை. மூடச் சொன்னால் இரண்டும் மூடிக்கொள்ளும். இடது தோளில் வைக்கட்டுமா சார் என்று அவன் கேட்டது இப்போதும் காதில் கேட்கிறது. துப்பாக்கியின் போல்ட் வலப்பக்கம் இருக்கிறது, எல்லாரும் சுடுகிற மாதிரிச் சுடு என்றேன். அஞ்சு தோட்டாவும் வெளியே போனது. "ஒத்தக் கண்ண மூடத் தெரியல, உனக்கெதுக்குலே ரைபிள்? போயி டிரில்லுல நில்லு" என்றேன். எல்லாப் பையன்களும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கே பெயர் கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் கண்ணில் குறையில்லை. முந்தும் கண்ணை மட்டும் தனியே மூடுவது சிலருக்குச் சிரமம் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனைக் குறை சொல்லிவிட்டேன். பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிக் கண் கலங்கப் பாடம் நடத்திய அதே வாத்தியார், கையில் துப்பாக்கி வந்த ஒரு கடற்கரைப் பையனிடமிருந்து ஒரே வாக்கியத்தில் அதைப் பறித்துவிட்டேன்.

தளத்து வேப்ப மரத்தடியில் அவரிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா." அவர் கொஞ்ச நேரம் தட்டுச் சில்லுகளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். "ஞாபகம் இருக்கு சார். பிள்ளையக் கூட்டிட்டு உங்ககிட்ட வந்ததே அதுக்குத்தான். நீங்க நல்லாருக்குன்னு சொன்னா போதும்னு இருந்துச்சு" என்றார். எனக்குப் பதில் பேச வரவில்லை.

அந்த இத்தாலித் துப்பாக்கியை வாங்கவில்லை. விற்பவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "என் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. ஆனா இந்தப் பிள்ளைக்கு இல்ல" என்று அவரே சொல்லிவிட்டார். இடது தோளில் மூன்று மாதம் சங்கத்துத் துப்பாக்கியில் பழகுவது, பிறகு கட்டையை மாற்றிக்கொள்ளக் கூடியதாகப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. உரிமக் காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. வல்லத்துப் பங்குப் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது.

திரும்பி வந்து பெரியவரிடம் கதையைச் சொன்னோம். 1961-ல் கடலில் இறங்கிய மனிதர். காது மந்தம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்க குளிக்கயில காலுல போட்டு இறங்குத கல்லு ஆளுக்கு ஒரு எடை வாத்தியாரே. அடுத்தவன் கல்லுல இறங்குனா மூச்சு பத்தாது. பாரு காலியா கெடக்குன்னு சொல்லிட்டு மேல வந்துருவான்" என்றார். பிறகு பேத்தியின் கன்றிய தோளுக்கு எண்ணெய் சூடு பண்ணச் சொன்னார்.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த விரல் வளையச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், காசு வேண்டாம். உங்கள் பள்ளியில் வில், ரைபிள் எது பழகும் பிள்ளையாக இருந்தாலும் முதலில் அதைச் செய்து பாருங்கள். இடக்கைப் பிள்ளைகளுக்கு வலக்கைக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு, ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை என்று திட்டுவதும் இதே கதைதான்.

1961 முத்துக்குளிப்பை நேரில் பார்த்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் சொல்வதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். பிள்ளையின் அடுத்த சுற்று என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.